கடல் வலது கைப்பக்கம்

வலது என்று வாயில் எப்படி வந்தது? அதுதான் பிடிபடவில்லை. அச்செடுப்பதற்கான தாளைத் தண்ணீர்த் தட்டில் அமிழ்த்தி, மூலை மேலே எழும்பிவிடாமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்ற தணிகாசலத்துக்குக் காலையிலிருந்து, ஏன், நேற்று சாயங்காலத்திலிருந்தே வேறு நினைப்பு இல்லை. நேற்று ஓசூரிலிருந்து வினோ போன் செய்தாள். பெண் போன் செய்வது அதிசயம் இல்லை, தினம் செய்கிறவள்தான். பெண்டாட்டி குமுதா வேலை பார்த்த தபால் ஆபீஸ்காரர்கள் அவள் போய்ச்சேர்ந்த முதல் வருஷ நினைவு என்று ஒரு பக்கம் அச்சடிக்கிறார்களாம், அதற்கு நாலு வரி கேட்டிருக்கிறார்கள், இவள் டைப் அடித்துக்கொண்டே கேட்கிறாள். “அப்பா, அம்மாவுக்குப் போலியோ வந்தது எந்த வயசுல?” “மூணு முடிஞ்சு நாலு. காய்ச்சல்ல படுத்தாளாம், எழுந்து பார்த்தா வலது கால் வரலையாம். உன் தாத்தா சொல்லிச் சொல்லி அழுவாரு.” அந்தப் பக்கம் டக்டக்கென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. “இடது காலுப்பா.” “ஆமா, இடது. இடதுன்னுதான சொன்னேன்.” “வலதுன்னீங்க.” சிரிப்பாள் என்று காத்திருந்தார். சிரித்திருந்தால் தேவலை. அவள் சிரிக்கவில்லை. “சாப்ட்டீங்களாப்பா, ராத்திரி தூக்கம் வருதா” என்று டாக்டர் கணக்காக விசாரித்தாள். முப்பத்தோரு வருஷம் கூடவே நடந்த மனுஷன், பெண்டாட்டிக்கு எந்தக் கால் ஊனம் என்று பெற்ற பெண் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வயசானால் மறதி வரும், சாவி மறக்கும், அடுப்பில் பால் மறக்கும், அதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் உள்ளதுதான். இது மறதியாக இருந்தால்கூட மனசு ஆறும். மறக்கவில்லையே. கண்ணை மூடினால் குமுதா தெளிவாக நடந்து போகிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்து. சாய்கிற பக்கம் வலது. இடது இடது என்று சொல்லிப் பார்த்தார், ராத்திரி படுக்கையில் சொல்லிப் பார்த்தார், பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தார். சொல்லுக்கு என்ன, அது பாட்டுக்கு வாயிலிருந்து வருகிறது. அவள் வலப்பக்கமாகவே சாய்ந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

தாள் நன்றாக நனைந்துவிட்டது. எப்போதும் போல இரண்டு தாள் நனைத்திருந்தார், ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று கைவசம் இருக்கட்டும் என்று. பெரம்பூர் வீட்டின் பின்னால் இந்தத் தகரக் கொட்டகை போட்டதிலிருந்து இந்த வழக்கம் மாறியதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். எல்லாச் சட்டையிலும் இடது கை முழங்கைக்கிட்ட மட்டும் துணி நைந்து நூல் தெரிகிறது, வலது கை அப்படியே கடையில் எடுத்த மாதிரி இருக்கிறது. ஆசிட் பட்டிருக்கும், ஆசிட் என்ன இடது வலது பார்த்தா தெறிக்கிறது. தகட்டை எடுத்து மின் அடுப்பின் மேல் வைத்தார். செம்புத் தகடு, பள்ளிக்கூடத்து சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் தம்புச் செட்டித் தெரு முழுக்க இருக்கிறது, பழைய பட்டணத்தின் சாயங்காலத்தோடு. மெழுகு பூசிய தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூடிக் கிடந்த காகிதக் கிடங்கின் படியில் உட்கார்ந்து, வடக்கே பார்த்து ஊசியால் கீறியது. கடல் வலது கைப்பக்கம். கடல் கண்ணுக்குத் தெரியாது, கட்டடம் மறைக்கும், ஆனால் வலப்பக்கத்துச் சந்து ஒவ்வொன்றிலிருந்தும் உப்புக் காற்று வந்து முகத்தில் அடிக்கும். அதனால்தான் வலப்பக்கச் சுவர்கள் எல்லாம் அரித்துப் போயிருக்கின்றன என்று அன்றைக்கு நினைத்தார், சரியோ தப்போ, அந்த நினைப்பில் கோடு தானாகவே மாறிற்று. இடப்பக்கத்துக் கட்டடங்களை நீளநீளமாக இழுத்த கை, வலப்பக்கம் வந்ததும் சின்னச் சின்னதாகக் கொத்தி, விட்டு விட்டு, காரை உதிர்கிற மாதிரி போயிற்று. மின்கம்பிகளை மட்டும் கையைத் தூக்காமல் ஒரே வீச்சில் போட்டார். கம்பி தொய்கிற இடத்தில் கையும் தொய்ந்தது. அதெல்லாம் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, யோசித்தால் வராது.

ஆனால் தகட்டில் எதைக் கீறினாலும் தாளில் அது பக்கம் மாறித்தான் விழும். அதுதான் இந்தத் தொழில். சில பேர் பக்கத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்திக்கொண்டு, கண்ணாடியில் தெரிகிற தெருவைப் பார்த்து வரைவார்கள், தாளில் சரியாக விழட்டும் என்று. அன்றைக்கு அவர் அதைச் செய்யவில்லை. தெருவையே எதிரில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்ப்பானேன் என்று இருப்பது இருந்தபடியே கீறிவிட்டார். தாளில் கடல் இடப்பக்கம் போய்விட்டது. வாங்குகிறவர்களில் யாருக்கு அது தெரியப்போகிறது, தெருவில் பிறந்து வளர்ந்தவனாக இருந்தால் ஒரு நிமிஷம் தலையைச் சொறிவான். நாற்பது வருஷமாகத் தகட்டைப் பார்த்துத் தாளை நினைத்து நினைத்து, தலைக்குள் ஒரு கீல் மாட்டிக்கொண்டுவிட்டது. தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் மனசு அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும், கேட்டுக்கொண்டு செய்வதில்லை. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகூடச் சில நாள் திரும்பித் தெரியும். குமுதாவிடம் சொன்னால், “நல்ல வேளை, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இந்த வியாதி இல்ல” என்பாள். இப்போது பார்த்தால் வியாதிதான். அவளே திரும்பிவிட்டாள்.

போட்டோ இல்லையா என்றால், இருக்கிறது, ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது. எதிலும் அவள் நடக்கவில்லை. கல்யாண வீடுகளில் வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்றால் இவள் எங்கேயாவது நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிடுவாள். புடவை மடிப்பைப் பாதத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொள்வாள். வினோ போனைத் தூக்கினால்கூட, “நடக்கறத எடுக்காதடி” என்று கையை நீட்டி மறைப்பாள். வெட்கம் என்று சொல்ல முடியாது. முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஊரையே அதட்டியவளுக்கு என்ன வெட்கம். நடை மட்டும் அவளுக்குச் சொந்தமாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அவரும் அவளை வரைந்ததில்லை. மெழுகு கீறின இடத்தை மட்டும் அரிக்கும்படி அந்தத் தகட்டை ஆசிட்டில் போட்டு எடுத்து முதல் அச்சு பார்த்தபோது, தெரு சுத்தமாக வந்திருந்தது, சுவர் வந்திருந்தது, கம்பி வந்திருந்தது, சாயங்காலம் மட்டும் வரவில்லை. ஆள் காலி பண்ணிப்போன வீடு மாதிரி இருந்தது. படம் வரைந்துகொண்டிருந்த அன்றைக்கு ஆபீஸ் விட்டு அவள் அந்த வழியாகத்தான் வந்தாள், ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்து கொடுத்தாள், சற்று நேரம் நின்று பார்த்தாள், “இப்போதைக்கு நீங்க எழுந்திருக்க மாட்டீங்க, நான் போய் ஊக்கு வாங்கிட்டு வந்துடறேன்” என்று தெருவோடு நேரே போனாள். நிமிர்ந்து பார்த்தபோது முதுகும் பையும் சாய்வுமாகக் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். அதை நினைத்து, மெழுகும் இல்லாமல் ஆசிட்டும் இல்லாமல், வெறும் செம்பில் ஊசியை ஊன்றி ஏழெட்டுக் கோட்டில் அவளைக் கீறிவிட்டார். கட்டைவிரல் நகம் உயரம்தான் இருப்பாள். கை நிற்காமல் போய் முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று பயம் வந்தது. அவளிடம் அச்சைக் காட்டும்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி மாட்டி, வெகு நேரம் பார்த்தாள். “இன்னாங்க இது, கால மாத்திட்டீங்க?” என்றாள். அச்சு அப்படித்தான் விழும் என்று இவர் ஆரம்பித்தார். “தெரியும் தெரியும்” என்றாள். மறுபடி பார்த்தாள். “போவட்டும் விடுங்க. ஒரு காலே எத்தனை வருஷத்துக்குத்தான் கஷ்டப்படும். அதுவும் கொஞ்ச நாள் உட்காரட்டும்.” பிறகு, “பேர் மட்டும் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் கொடுத்த அனுமதி.

தகடு சூடேறிவிட்டது. மையைப் பஞ்சுப் பொதியால் ஒத்தி ஒத்தி, கோட்டுக்குள் இறங்கும்படி பரப்பினார். தெரு கறுப்பாகிக் காணாமல் போயிற்று. இது இருபதாவது. இருபது அச்சு என்று ஆரம்பத்திலேயே சொல்லி, ஒவ்வொன்றின் கீழேயும் பென்சிலில் எண் போட்டு, படங்களை விற்றுத் தருகிற கேலரி நந்திதாவிடம் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தாயிற்று. இருபது முடிந்தால் தகட்டின் குறுக்கே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு கோடு கிழித்து அதைக் கெடுத்துவிட வேண்டும், இனிமேல் யாரும் அச்செடுக்க முடியாதபடி. அது வழக்கம், அதில் மனஸ்தாபப்பட ஒன்றும் இல்லை, எத்தனை தகட்டைக் கிழித்திருப்பார். இதில் சங்கடம் வேறு. ஆசிட் தின்ற கோடு ஆழமாக இருக்கும், நூறு அச்சுக்கும் தாங்கும். ஊசியால் நேரே கீறிய கோடு அப்படி இல்லை. உழுத சாலின் ஓரத்தில் மண் ஒதுங்கி நிற்கிற மாதிரி கோட்டோரம் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும், அந்தப் பிசிறுதான் மையைப் பிடித்துக்கொண்டு தாளில் பட்டுத்துணி மாதிரி ஒரு கறுப்பைக் கொடுக்கும். ஒவ்வொரு தடவை உருளைக்கு அடியில் போகும்போதும் பிசிறு கொஞ்சம் நசுங்கும். தெருவுக்கு ஒன்றும் ஆகாது. குமுதாதான் தேய்வாள். மூன்றாவது அச்சில் கன்னங்கரேலென்று இருந்தாள். அதைத்தான் தனக்கு என்று எடுத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். பத்தாவதில் புடவையின் கறுப்பு சாம்பலாகிவிட்டது. பத்தொன்பதாவதில், இருக்கிறாள் என்று தெரிந்தவன்தான் கண்டுபிடிக்க முடியும். இதெல்லாம் தெரியாமலா செய்தார். உயிரோடு உள்ளே சமைத்துக்கொண்டிருந்தவளைத் தாளில் தேய்த்தால் என்ன என்று மளமளவென்று எடுத்துத் தள்ளினார். அவள் போன பிறகு எடுத்தது மூன்றே மூன்று. ஒவ்வொன்றுக்கும் மாசக்கணக்கில் தள்ளிப்போட்டார்.

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற அதுதான் இத்தனையும் செய்தது, இப்போது புரிகிறது. காலையில் காப்பிக் குவளையோடு அதன் முன்னால்தான் உட்கார்வார், ராத்திரி விளக்கணைக்கும்போதும் அதைப் பார்த்துவிட்டுத்தான். பதினோரு மாசமாகப் பார்த்துப் பார்த்து, அவள் நடந்த நடை போய் அந்த அச்சில் நடக்கிற நடை மனசில் ஏறிவிட்டது. தன் கையால் பண்ணினது தன் பெண்டாட்டியைத் தள்ளிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று வினோ போனை வைத்ததும் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய் பீரோக் கண்ணாடி முன்னால் பிடித்தார். கண்ணாடியில் சரியாகத்தான் தெரிந்தது, இடப்பக்கம் சாய்ந்து. தெரிந்து என்ன, தலைக்குள் இருக்கிற கீல் சும்மா இருக்கிறதா, கண்ணாடியில் தெரிவது திருப்பிப் போட வேண்டிய சரக்கு என்று அதற்கு ஒரு பழக்கம், உடனே திருப்பிவிட்டது. அவள் மறுபடி வலப்பக்கம். வினோவிடம் சொன்னால் போனில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள், கெட்டிக்காரி. எதைச் சொல்லி அனுப்பச் சொல்வது, அம்மா நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை என்றா. கூட நடந்தோமே, சந்தைக்கு, சர்ச்சுக்கு எதிரில் இருக்கிற டாக்டரிடம், கடற்கரை ஸ்டேஷன் படிக்கட்டில், எந்தப் பக்கம் நடந்தோம் என்று யோசித்தால் அதுவும் குழம்புகிறது. மூக்குத்தி எந்தப் பக்கம். வலது. போட்டோவில் அப்படித்தான் இருக்கிறது என்பதால் வலது. போட்டோ இல்லாவிட்டால் அதையும் மாற்றியிருப்பார். இப்படியே போனால் இன்னும் இரண்டு வருஷத்தில் குமுதா என்று ஒருத்தி இருக்கமாட்டாள், அவள் மாதிரியே, எல்லாம் பக்கம் மாறின ஒருத்தி இருப்பாள்.

வலைத்துணியைச் சுருட்டி, தகட்டின் மேல் மிஞ்சின மையை வட்டம் வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தபோது போன் அடித்தது. மைக்கையோடு இரண்டு விரலால் எடுத்தார். நந்திதா. “தணிகா சார், குட்மார்னிங். அந்த லாஸ்ட் பிரின்ட் இன்னிக்கு வந்துடுமா? டாக்டர் வீட்ல சனிக்கிழமை மாட்டணுங்கறாங்க, ஃப்ரேமுக்கு வேற குடுக்கணும்.” “கையிலதான் இருக்கு மேடம். துடைச்சிட்டிருக்கேன்.” “சூப்பர். அந்த மூட்டம் மட்டும் மத்ததுல இருக்கிற மாதிரியே வந்துடணும் சார். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்புறம் அந்த நடந்து போற லேடி இருக்காங்க இல்ல? பத்தொம்பதுல பார்த்தேன், அப்படியே கரைஞ்சு போற மாதிரி. எவ்ளோ அழகா இருந்துது தெரியுமா.” “ம்” என்றார். “வேணும்னேதானே சார் அப்படி பண்ணீங்க?” “சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் மேடம்” என்று வைத்துவிட்டார். கோபம் வந்தது, அந்தப் பெண் மேல் கோபப்பட என்ன இருக்கிறது, அவளுக்குத் தெரிந்ததை அவள் சொல்கிறாள். மூட்டம் மூட்டம் என்கிறார்களே, அது ஒன்றும் இல்லை, துடைக்காமல் விட்ட மை. முழுக்கத் துடைத்தால் தெரு உச்சிவெயிலில் நிற்கும். மேலே லேசாக ஒரு படலம் விட்டால் சாயங்காலம், கடல் ஈரம், லாரிப் புகை, விளக்குப் போடுவதற்கு முந்தின அந்த மங்கல் எல்லாம் தானாக வந்து உட்காரும். எங்கே விட வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்பது உள்ளங்கைக்குத் தெரியும். பத்தொன்பது தடவையும் நடுத்தெருவில் படலத்தை விட்டார். இந்தத் தடவை அங்கே படலம் விட்டால் அவள் அதில் முழுகிப்போவாள். விடாவிட்டால் மற்றதோடு ஒத்துப்போகாது, நந்திதா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள்.

ஊசியை எடுத்தார். பழைய கோட்டின் மேலேயே ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும், பிசிறு புதுசாக எழும்பும், பழைய கறுப்போடு எழுந்து நடப்பாள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் செய்கிற காரியம்தான், தேய்ந்த கோட்டை உசுப்பிவிடுவது. பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கறுப்பு மைக்கு நடுவே சொரசொரப்பாக ஏதோ தெரிந்தது, தோள், முதுகு, அதற்குக் கீழே இரண்டு கோடு. இதில் எது சாய்கிற கால். ஊசி முனை செம்பைத் தொடவில்லை, ஒரு நெல் உயரத்தில் நின்றது. இன்றைக்கு இந்தக் கை யார் சொல்வதைக் கேட்கும், அன்றைக்குப் பார்த்ததையா, நேற்று வாயில் வந்ததையா. பழைய கோடு இருக்கிறதே, அதன் மேல் போனால் போதுமே என்றால், போகிற வழியில் கை கொஞ்சம் திருத்தும், கைக்கு அந்தக் குணம் உண்டு, சரி என்று எது மனசில் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஒரு இழை சாயும். ஒரு இழை போதும். அவள் நடந்ததற்கு ஊரில் இருக்கிற ஒரே சாட்சி அந்த ஏழெட்டுக் கோடுதான், அதையும் கெடுத்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது. ஊசியைத் துணியில் துடைத்து, எட்டாத இடத்தில் வைத்தார். வெளியே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது, எதிர் வீட்டம்மா குடங்களை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நம் வீட்டுக் குடத்தையும் வைக்க வேண்டும் என்று நினைத்தார், வைக்கவில்லை. உள்ளங்கையில் சுண்ணப்பொடியைத் தடவிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார். சுவர்களின் மேல் படலத்தை விட்டார், கம்பிகளுக்கு மேலே வானத்தில் விட்டார், தெரு நடுவுக்கு வந்ததும் கட்டைவிரலின் பக்கவாட்டால் அவளைச் சுற்றி மட்டும், குழந்தை முகத்தில் வழிந்த சோற்றைத் துடைக்கிற மாதிரி, துளித்துளியாக எடுத்தார். நந்திதாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து, துண்டில் ஈரம் ஒற்றிய தாளைப் போர்த்தி, கம்பளி இரண்டையும் இழுத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றினார். உருளை தகட்டின் மேல் ஏறுகிறபோது கையில் ஒரு கனம் தெரியும், பிறகு சீராகப் போகும், இறங்கும்போது ஒரு உதறல். நடுவில் அவள் இருக்கிற இடம் வரும்போது மெதுவாகச் சுற்றினார், மெதுவாகச் சுற்றினால் நசுங்காதா என்ன. தாளை மூலையைப் பிடித்து உரித்தார். தெரு வந்திருந்தது. கடல் இடப்பக்கம் போய்விட்ட தெரு. நடுவில் கொஞ்சம் வெளிச்சம், வெளிச்சத்தில் அவள், இருந்தாள், புகை மாதிரி, ஆனால் இருந்தாள், வலப்பக்கம் சாய்ந்துகொண்டு. அதற்குமேல் இந்தத் தகட்டில் அவள் கிடையாது. இன்னொரு அச்சு எடுத்தால் வெறும் தெருதான் வரும். இதில் எண் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டாக்டர் வீட்டுச் சுவரில் சனிக்கிழமை ஏறிவிடும், அங்கேயும் வலப்பக்கமே சாய்ந்து நடப்பாள். மை இன்னும் காயவில்லை. விரல் நுனியால் ஓரத்தில் தொட்டுப் பார்த்தார், ஒட்டிற்று. நனைத்து வைத்த இரண்டாவது தாள் தட்டில் கிடக்கிறது. சின்ன வயசில் கற்றுக்கொண்டபோது செய்தது, அப்புறம் தேவைப்பட்டதே இல்லை. ஈரம் காயாத அச்சை மல்லாக்கப் போட்டு அதன் மேல் வெறும் தாளை வைத்து இன்னொரு தடவை உருட்டினால், பாதி மை மேல் தாளுக்குப் போகும், போகிறபோது பக்கம் மறுபடி மாறும். இரண்டு தடவை மாறினால் இருந்தபடி. ஆனால் பாதி மையைக் கொடுத்துவிட்ட அச்சை யாருக்கும் விற்க முடியாது, மையை வாங்கின தாளும் வெளிறிப்போய்த்தான் இருக்கும். இருபது என்று கையெழுத்துப் போட்டது பத்தொன்பதோடு நின்றுபோகும், நந்திதா இனிமேல் இவரை நம்பி எந்த வேலையும் ஏற்கமாட்டாள். இதையெல்லாம் யோசித்தாரா என்றால், யோசித்தார். யோசித்துக்கொண்டே தகட்டை எடுத்துக் கீழே வைத்தார், அச்சை மல்லாக்கப் பரப்பினார், இரண்டாவது தாளை ஒற்றி எடுத்து அதன் மேல் போட்டார், விளிம்பைச் சரிபார்த்தார். சக்கரத்தில் கை வைத்தபோது, இதிலும் வராவிட்டால் என்ற பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

உரித்தார். பழைய துணியை வெயிலில் போட்டு வெளுத்த மாதிரி ஒரு தெரு. மூட்டம் எல்லாம் கீழ்த் தாளிலேயே தங்கிவிட்டது. கம்பிகள் லேசாகத் தொய்ந்து போயின. வலப்பக்கம் அரித்த சுவர்கள், அதற்கு அப்பால் கடல். இதைத்தான் பார்த்தார், அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு, இந்தத் தெருவைத்தான். திருப்புவதற்குத் தலை ஒரு நொடி முயற்சி பண்ணிற்று, தாளில் இருப்பதைத் திருப்பிப் பழக்கமில்லாமல் சும்மா இருந்துவிட்டது. பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. நாலே நாலு சாம்பல் கீறல். வலது தோளில் பை. இடது கை கீழே இறங்கி இடது தொடையை ஊன்றி அழுத்துகிறது, அழுத்தி அந்தக் காலை முன்னால் எடுத்துப் போடுகிறது, உடம்பு அந்தப் பக்கம் சாய்கிறது. அந்தக் கை. அந்தக் கையை எப்படி விட்டார். ஒவ்வொரு அடிக்கும் தொடையில் ஊன்றுகிற கை, அதனால்தான் இடப்பக்கம் புடவை எப்போதும் கசங்கியிருக்கும், அதனால்தான் பை வலது தோளில், இவர் கூட வருகிறபோது பையை இவரிடம் தள்ளிவிட்டு அந்தக் காலியான வலது கையால், “மெதுவா போங்க, பஸ்ஸு ஒண்ணும் ஓடிடாது” என்று.

அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தாளின் ஓரம் காய்ந்து சுருள ஆரம்பித்திருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். நந்திதாவுக்குப் பத்தொன்பதோடு முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், தகட்டைக் குறுக்கே கிழிக்க வேண்டும். அதெல்லாம் இருக்கட்டும் என்று வினோவை அழைத்தார். “இடது காலும்மா” என்றார். பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. “தெரியும்ப்பா. இடதுன்னுதான் போட்டிருக்கேன்.” “உனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா.” “அப்பா, அழறீங்களா?” “இல்லம்மா. மை கண்ணுல பட்டுடுச்சு” என்றார். வினோ நம்பவில்லை, ஆனாலும் சரிப்பா என்றாள். போன் வலது கையில் இருந்தது. இடது முழங்கை உடம்பை விட்டுச் சற்று விலகி, யாரோ பிடித்துக்கொள்வதற்கு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தது. அதை அவர் அப்போதுதான் பார்த்தார். நைந்துபோன சட்டைக் கை, ஆசிட்டும் இல்லை ஒன்றும் இல்லை, அவள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். கையைக் கீழே இறக்காமல், அப்படியே வைத்துக்கொண்டு பேசினார்.